நிரோஷினியின் குதிக்கால்

அன்றும் காலையிலிருந்து நிரோஷினி வலக்காலை மாற்றி இடக்காலை, இடக்காலை மாற்றி வலக்காலை ஊன்றிக்கொண்டிருந்தாள். குதிக்காலில் ஆணி ஏறியதுபோல ஒரு குத்து. அதற்குப் பயந்து ஒரு பக்கம் சாய்ந்து நின்று நின்றே இடுப்புக்குப் பின்னால் நாரியும் பிடித்துக்கொண்டது. திருகோணமலை மத்திய வீதியில் இருக்கும் அந்தப் புடவைக்கடையில், கூறைச் சாறியை ஒரே வீச்சில் விரித்துக் காட்டி, மடிப்புக் குலையாமல் திரும்ப மடிக்க அவளைப்போல இன்னொரு ஆள் கிடையாது. கலியாண வீட்டார் வாசலிலேயே அவளைத்தான் கேட்பார்கள்.

அப்படிப்பட்டவளைத்தான் முதலாளி ஜமால்தீன் மேல்மாடிக்கு அனுப்பப் பார்த்தார்.

"பிள்ளை, நீங்க நொண்டுறதப் பாத்திட்டு வாறவங்க என்னைத்தான் ஏசுறாங்க. வாற மாசத்திலயிருந்து மேல கதிரையில இருந்து விலைச்சீட்டு ஒட்டுங்க. சம்பளம் குறைய மாட்டாது."

நல்ல மனத்தோடுதான் சொன்னார். அன்றிரவு வீட்டில் நிரோஷினிக்குச் சோறு இறங்கவில்லை.

"இருந்துகொண்டு சம்பளம் எடுக்க உனக்குக் கசக்குதோ?" என்றாள் அக்கா எல்சி.

"மேல ஆரோட கதைக்கிறது, பெட்டியளோடயோ? எனக்கு ஏலாது அக்கா."

பாதத்தின் வளைவு தட்டையாகிவிட்டது, அதைத் தாங்க வேண்டும் என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் காலை நுரைப்பெட்டியில் அழுத்தி அச்செடுத்து, சப்பாத்துக்குள் வைக்கும் இன்சோல் ஒரு சோடி முன்பே செய்துகொடுத்திருந்தார்கள். அதற்கென்றே சப்பாத்தும் வாங்கினாள். பாலையூற்று வீட்டிலிருந்து வேலைக்குப் புறப்படும்போது ஒருநாளும் அதைப் போடாமல் விட்டதில்லை. வலியோ போனபாடில்லை.

பொறுமை கெட்டு, இன்சோலைக் கொண்டுபோய் அதைச் செய்துகொடுத்த றுமானாவின் மேசையில் வைத்தாள்.

"மிஸ், இதை நீங்களே வச்சிருங்கோ. ஒரு சுகமும் இல்லை."

றுமானா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புதுக்கருக்கே போகவில்லை.

"நீங்க இதப் போடுறல்லயா?"

"அந்தோனியார் அறிய ஒவ்வொரு நாளும் போடுறனான்."

"எங்க போட்டுக்கிட்டுப் போறீங்க?"

"கடைக்கு."

"கடைக்குள்ளயும் போடுறீங்களா?"

நிரோஷினி கடைச் சட்டத்தைச் சொன்னாள். விரித்த சாறி நிலத்தில் விழுந்தாலும் ஊத்தை படக்கூடாது என்பது முதலாளியின் சட்டம். வாங்குபவரும் வெறுங்கால், விற்பவரும் வெறுங்கால். எல்லாச் சப்பாத்தும் வாசல் தட்டில் கிடக்கும். வீட்டில் சொல்லவே வேண்டாம்.

"அப்ப நான் வைத்தியம் பாத்தது பஸ்ஸில போறதுக்கு மட்டும்தான்!" றுமானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நிக்கிற நேரந்தானே கால் பாரந் தாங்குது. இது இருந்தா பாரம் குதிக்கால்ல மட்டும் இறங்காமப் பாதமெல்லாம் பிரிஞ்சு இறங்கும். சாய்ஞ்சு நிக்கத் தேவையில்ல, நாரிக்கும் சுகம். ஒரேயடியா நாள் முழுக்கப் போடாதீங்க, கொஞ்சங்கொஞ்சமாக் கூட்டுங்க. அப்ப சொல்லித்தந்த கெண்டைக்கால் பயிற்சியையும் விடாதீங்க."

மறுநாள் பஸ்ஸில் அவள் முதலாளியிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக் குலைத்து, குலைத்து அடுக்கினாள். கடையில் சொன்னபோதோ அத்தனையும் ஒரே மூச்சில் கொட்டியது.

"கடைக்குள்ள சப்பாத்தா? இண்டைக்கு உங்களுக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் போட்டுட்டு வருவாங்க."

"எல்லாருக்குமோ குதிக்கால் நோகுது? கழுவிக்கொண்டு வந்திருக்கிறன் முதலாளி. இனி றோட்டில மிதியாது. இஞ்சயே வச்சுப் போடுவன். வாறதும் போறதும் செருப்போட."

அவர் சப்பாத்தைக் கவிழ்த்து, சட்டைப்பையிலிருந்து எடுத்த வெள்ளை லேஞ்சியால் அடியைத் தேய்த்துப் பார்த்தார். லேஞ்சி வெள்ளையாகவே இருந்தது.

"மாச முடிவுவரை பாப்பம். அப்பவும் நொண்டினா மேலதான்."

முதல் நாட்களில் பாதத்தின் நடுவில் கல்லை வைத்து மிதிப்பதுபோல இருந்தது. பக்கத்தில் நிற்கும் றிஷானா, "என்ன அக்கா, கிரிக்கெட்டுக்கா வெளிக்கிட்டீங்க?" என்று சீண்டினாள். ஆள் இல்லாத நேரமெல்லாம் நிரோஷினி குதிக்காலைத் தரையில் அழுத்தி, குத்து இருக்கிறதா என்று சோதித்தாள். ஒருநாள் குறையும், மறுநாள் கூடும். கலண்டரைப் பார்க்கவே பயந்தாள். ஆனாலும் மேசை விளிம்பைப் பிடிக்காமல் நிற்கும் நேரம் நீண்டுகொண்டே போனது.

மாதக் கடைசியில் குச்சவெளியிலிருந்து ஒரு கலியாண வீட்டார் வந்தார்கள். அவள் மேல்தட்டுக்கும் மேசைக்குமாக நொண்டாமல் போய்வந்து சாறிகளை விரித்தாள். காசு மேசையிலிருந்து முதலாளி அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு மட்டும் என்ன பிள்ளை சப்பாத்து?" என்று கேட்டாள் பெண்ணின் தாய்.

"குதிக்கால் வைத்தியம் அம்மா. உள்ளுக்கு ஒரு தாங்கி இருக்கு."

"ஐயோ, எனக்கும் விடிய எழும்பிக் கால் வைக்க ஏலாது. எங்க செய்யிறவை?"

நிரோஷினி சப்பாத்தைக் கழற்றக் குனிந்தாள்.

"முதல்ல சாறியக் காட்டுங்க பிள்ளை, காலப் பிறகு காட்டலாம்!" என்று முதலாளி சத்தம் போட்டார். பிறகு றிஷானாவின் பக்கம் திரும்பினார். "விலைச்சீட்டு ஒட்ட ஆராவது இருந்தா சொல்லுங்க. இவ இங்கதான் நிப்பா."