ஐம்பது நிமிடம்

நேற்றைய சாரலில் நனைந்துவிட்ட பழைய பேப்பர் கட்டைப் பிரித்தபோது எழுந்த வாடையில், ரோச்சோர் கால்வாயோரம் நாங்கள் குடியிருந்த பலகை வீடு நினைவுக்கு வந்தது. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. ஆகவே ஐம்பதுகளின் பிற்பாதி, மழை மாதம்.

கடல் ஏறும் நேரத்தில் மழை பெய்தால், கால்வாய் நீர் வடிய வழியின்றி எங்கள் வீட்டுக்குள் வந்துவிடும். அதனால் அம்மா தினமும் பேப்பரில் கடல் ஏறும் நேரத்தைப் பார்த்து, கதவில் சாக்பீஸால் எழுதி, அதற்குள் அரிசி மூட்டையை மேசைமேல் ஏற்றிவிடுவார். எதிர்க்கடை காதர் மாமா படித்து முடித்த பேப்பர் ஒருநாள் தாமதமாகத்தான் எங்களுக்கு வரும் என்பதால், அதிலுள்ள நேரத்தோடு ஐம்பது நிமிடம் கூட்டிக்கொள்வது அம்மாவின் வழக்கம்; கடல் ஏறும் நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய அவ்வளவு தள்ளிப்போகும்.

அன்றும் அப்படியே கூட்டி எழுதிவிட்டு, கைக்குழந்தையான தம்பியைத் தரையில் பாயில் தூங்கவிட்டு, என்னோடு காதர் மாமா கடைக்கு மிளகாய் வாங்கப் போனார். மழை வலுத்தது.

"தண்ணி ஏற இன்னும் நேரம் இருக்கு அண்ணே," என்றார் அம்மா.

"எங்க இருக்கு? நான் குடுத்தது இன்னிக்குப் பேப்பர்லா, தங்கச்சி. கண்ணாடிய தொலைச்சிட்டேன், படிக்கிற வீட்டுக்காவது போகட்டும்னு காலையிலேயே அனுப்பிட்டேன்."

அம்மா மிளகாயைப் போட்டுவிட்டு ஓடினார். பழுப்பு நீர் அறைக்குள் பரவி, பாயின் ஓரத்தை நனைத்துக்கொண்டிருந்தது. தம்பியை வாரியெடுத்துக் கட்டிலில் ஏறி உட்கார்ந்தார். கீழே அரிசி மூட்டை நனைவதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அவன் பாதங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். இரண்டும் உலர்ந்திருந்தன.