கல்யாண லோரிக்கும் சாவு வேனுக்கும் ஒரே படம்

மூன்று ஆண்டுகளுக்கு முன், தைப்பூசம் முடிந்த மறுவாரம், மலேசியாவின் ஈப்போவில் நடந்தது இது. சின்ன வியாபாரிகளுக்கு லோகோ வரைந்து கொடுப்பது என் தொழில். வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். முறுக்கு விற்பவர், டியூஷன் நடத்துபவர், கார் கழுவும் கடைக்காரர் என்று யார் கேட்டாலும் படம், கார்டு, வண்டிக்கு ஸ்டிக்கர் எல்லாம் செய்து கொடுப்பேன். வாயும் கொஞ்சம் நீளம். வரைவதைவிட வரைந்ததைப் பற்றி அளப்பதில் நான் கெட்டிக்காரி.

அதற்கு முந்தைய மார்கழியில் ஒரு அக்கா என்னைத் தேடி வந்தார். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனையாகிவிட்டது, தொழிலாளர் குடியிருந்த லயங்களும் இல்லை, கோயில் மட்டும் இருக்கிறது. ஊர் ஊராகப் பிரிந்து போன அந்தத் தோட்டத்துச் சனம், கல்யாணம் என்றால் இன்னமும் அங்கேதான் வரும். அவர்களுக்கு மணவறை அலங்காரம் செய்து செய்தே அக்கா பெயர் எடுத்திருந்தார். கையுறைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, ஒரு பழைய லோரியை வாங்கி, முழுநேரத் தொழிலாகவே இறங்கிவிட்டார். தை பிறப்பதற்குள் லோரிக்கும் கார்டுக்கும் ஒரு நல்ல சின்னம் வேண்டும் என்றார்.

எனக்கோ கையில் வேலை குவிந்து கிடந்தது. புதிதாக ஒன்றும் தோன்றவில்லை. கணினியில் பழையவற்றைப் புரட்டியபோது, இரண்டு வருடங்களுக்கு முன் வரைந்த ஒரு படம் கண்ணில் பட்டது. நடுவில் ஒரு சுடர். இரண்டு பக்கமும் வளைந்து வந்து கீழே முடிச்சிடும் மல்லிகைச் சரம். நான் வரைந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கருநீலத்தில் வெள்ளையாக இருந்ததைக் குங்குமச் சிவப்பில் தங்க நிறமாக மாற்றினேன். பத்து நிமிட வேலை. ஆனால் மூன்று நாள் கழித்துத்தான் அனுப்பினேன், உடனே கொடுத்தால் மதிப்பிருக்காது பாருங்கள்! "உங்களுக்குன்னே யோசிச்சு யோசிச்சு வரைஞ்சது கா" என்று வேறு சொல்லி வைத்தேன். அக்கா அதைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார்.

அந்தப் படத்தை முதலில் வாங்கியவர் புந்தோங்கில் இறுதிச் சடங்கு வேன் ஓட்டும் ஒரு அண்ணன். மறந்துபோய்ச் செய்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். நன்றாகவே நினைவிருந்தது. கல்யாண வீடும் சாவு வீடும் எங்கே சந்திக்கப் போகின்றன என்று நினைத்தேன். இரண்டு வீட்டுக்கும் போவது ஒரே சனம்தான் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

தைப்பூசம் முடிந்ததும் தெலுக் இந்தானில் ஒரு மரணம். மகள் கல்யாணத்துக்கு அக்காவிடம் சொல்லி வைத்திருந்த ஒரு தகப்பனார் அங்கே போயிருக்கிறார். இறந்தவர் தோட்டத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர், போகாமல் இருக்க முடியாது. கூடாரத்தில் உட்கார்ந்து எதிரே நின்ற அந்த அண்ணனின் வேனையே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கதவில் இருந்த படம் எங்கோ பார்த்தது போலிருக்க, கைப்பேசியில் அக்காவின் கார்டைத் தேடி எடுத்திருக்கிறார். அன்று மாலையே இரண்டு படங்களையும் சேர்த்துத் தோட்டத்துக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். சாவு வீட்டுத் துணியும் பூவும்தான் நம் மணவறைக்கு வருகிறதா என்று ஒருவர் கேட்டாராம், அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. இரண்டே நாளில் மூன்று கல்யாண வேலை அக்காவின் கையை விட்டுப் போனது. இப்படியே போனால் லோரியை விற்றுவிட்டு மறுபடியும் தொழிற்சாலை வாசலில் நிற்க வேண்டியதுதான்.

மூன்றாம் நாள் காலையில் அக்கா என் வீட்டுக்கு வந்தார். முகம் வீங்கியிருந்தது.

"நம்ம படத்த அந்த வேன்காரன் எடுத்துட்டான் மா. மனசாட்சி வேணாமா? கெளம்பு, புந்தோங்ல இருக்கானாம், போய்க் கேப்போம் லா. வரைஞ்சவ நீ வந்து நின்னாத்தான் அவன் வாயத் தொறக்க மாட்டான்."

என் மேல் அவருக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு லோரியில் ஏறினேன். வழி நெடுக, என்ன சொல்லித் தப்பிக்கலாம் என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

அண்ணன் வீட்டு முன்னால் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். பிறகு எங்களுக்குப் பின்னால் நின்ற லோரியின் கதவைப் பார்த்தார். தன் வேனைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது எனக்கும் புரிந்தது.

அக்கா அவரைப் பிடித்துக்கொண்டார். "எங்க படத்த எடுத்து ஒட்டிக்கிட்டீங்களே அண்ணே, என் பொழப்பே போச்சே, ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்று குரல் உடைந்து கேட்டார். பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா வேலியோரம் வந்து நின்றார்.

அண்ணன் முழுவதையும் கேட்டார். பிறகு நிதானமாக, "எங்கயோ பாத்து ஆசப்பட்டு எடுத்துட்டேன் தங்கச்சி. தப்புதான். இப்பவே பிச்சிடுறேன்" என்றார்.

உள்ளே போய் வெந்நீரும் ஒரு தகடும் எடுத்து வந்தார். வேன் கதவருகே முட்டி போட்டு உட்கார்ந்து சுரண்ட ஆரம்பித்தார். இரண்டு வருட வெயிலில் காய்ந்த ஸ்டிக்கர் சுலபமாக வரவில்லை, செதில் செதிலாக உதிர்ந்தது. அக்காவின் கோபம் இன்னும் அடங்கவில்லை. "திருடுனத ஒட்டிக்கிட்டு ஊரு பூரா ஓட்டியிருக்கீங்க" என்றார். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஆமா தங்கச்சி" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அக்கா, அவரு எடுக்கல. அது அவரோட படம். நாந்தான் அதையே உங்களுக்கும் வித்துட்டேன்."

அக்கா என்னை அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கலர மட்டும் மாத்துனியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். லோரியின் படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு போய், ஒரு கோப்பை பால் சேர்க்காத தே ஓ கலக்கிக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்கா கைப்பேசியை என் முன்னால் நீட்டினார். "மன்னிப்பெல்லாம் அப்புறம் கேளு. மொதல்ல அந்த குரூப்ல பேசு. உன் வாயால, இங்க நின்னே பேசு."

பேசினேன். முதல் தடவை பாதியிலேயே நிறுத்திவிட்டேன். இரண்டாம் தடவை, நான் யார், என்ன செய்தேன், அக்காவுக்கும் இந்த வேனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதை ஒன்றுவிடாமல் சொன்னேன். முகம் தெரியாத நூறு பேரிடம் நான் ஏமாற்றுக்காரி என்று என் வாயாலேயே சொல்வது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அண்ணனும் கைப்பேசியை வாங்கினார். "புந்தோங் வேன்காரன் பேசுறேன். எங்க பூவெல்லாம் அன்னிக்கே மயானத்தோட போயிடும். கல்யாணத்துக்கு ஒரு துணிகூடப் போனதில்ல" என்றார்.

மூன்றில் இரண்டு கல்யாணங்கள் அக்காவுக்குத் திரும்பி வந்தன. படத்தைக் குழுவில் போட்ட அந்தத் தகப்பனாரே அழைத்து வருத்தம் சொன்னாராம். மூன்றாவது வீட்டார் வரவேயில்லை. அக்கா வேறொருவரிடம் புதுச் சின்னம் வரைந்து வாங்கிக்கொண்டார், அது நியாயம்தான். இன்றும் கோயிலில் பார்த்தால் லேசாகத் தலையசைப்பார், பேசமாட்டார்.

அந்தச் சம்பவம் நடந்த அடுத்த வாரம், இரண்டு மூன்று புதுப் படங்கள் வரைந்து எடுத்துக்கொண்டு அண்ணனிடம் போனேன். அவர் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. போன் நம்பரை மட்டும் பெரிதாகப் போட்டுத் தரச் சொன்னார். அன்று ஏன் பழியை ஏற்றுக்கொண்டார் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"என்கிட்ட வர்றவங்க எல்லாம் அழுதுக்கிட்டுத்தான் மா வர்றாங்க. கல்யாண வேல பாக்குறவங்களும் என் வாசல்ல நின்னு அழணுமா? சட்டுனு பிச்சிட்டு அனுப்பிடலாம்னு பாத்தேன்."

"நான்தான்னு நீங்க சொல்லியிருக்கலாமே அண்ணே?"

"அத நீதான் சொல்லணும். நான் எப்படிச் சொல்றது?" என்றார்.

அதன்பின் நான் ஒரு படத்தை இரண்டு பேருக்குக் கொடுத்ததில்லை. ஆனாலும் பொய் ஒன்று நாக்கு நுனிக்கு வரும் நாட்கள் இல்லாமல் இல்லை. அப்போதெல்லாம், நான் வாய் திறக்கும்வரை ஒரு மனிதர் முட்டி போட்டுக்கொண்டு, தன் சொந்தப் படத்தைத் திருட்டுப் பொருளாகச் சுரண்டிக்கொண்டிருந்த அந்தச் சத்தம் என் காதில் கேட்கிறது.