தண்ணீர் எந்தப் பக்கம்

12-7-2025 டீசல் ரூ. 4,200
13-7-2025 கயிறு, மரக்கட்டை, ஆள்கூலி ரூ. 2,600
13-7-2025 உருண்டுபோன பலாப்பழம் 61, ரூ. 9,150
21-7-2025 திருப்பிக் கொடுத்த டிக்கெட் 14, ரூ. 140
2-9-2025 மருத்துவச் சான்றிதழ் ரூ. 300

மேலே உள்ளவை சடையப்பன் என்னிடம் குறித்து வைக்கச் சொன்னவை. எதற்கு என்று கேட்டேன். "எழுதி வையிங்க சார், அப்புறமா பிரியும்" என்றார். அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

சடையப்பனுக்கு வயது ஐம்பத்து நான்கு. குமராட்சியிலிருந்து சிதம்பரத்துக்கு மினிபஸ் ஓட்டுகிறவர். நான் பொதுப்பணித் துறையில் கொள்ளிடக் கரைப் பிரிவில் எழுத்தராக இருந்த நாட்களில், வெள்ளம் வந்தால் அவரை வாடகை ஜீப்போடு அலுவலகத்துக்குக் கூப்பிட்டுக்கொள்வோம். கரைமேல் சேற்றில் மணல் மூட்டையோடு ஓட்ட அவரைப் போல இன்னொருவர் இல்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு விதி: தண்ணீர் இருக்கும் பக்கத்தை விட்டு ஒதுங்கு. ஆற்றுப் பக்கம் மேலே புல் இருக்கும், அடியில் மண் அரித்துப் போயிருக்கும். வயல் பக்கத்துச் சக்கரத்தைத்தான் நம்ப வேண்டும். இந்த விதியால் ஒருமுறைகூட வண்டி இறங்கியதில்லை.

அவருடைய மனைவியின் தம்பி சிங்காரம் பண்ருட்டியில் பலா வியாபாரம் செய்கிறவர். ஊரில் பழம் ஓய்ந்தபிறகு கல்வராயன் மலையில் பிந்திக் காய்க்கும் சில மரங்களைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அவருடைய டிரைவருக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது.

"மாமா, வெள்ளத்துலயே ஓட்டுனவன் நீ. மலை இன்னா பெரிய மலை?"

"மலைன்னா கொஞ்சம் ஒசரமான கரை, அவ்ளோதானே மச்சான்" என்று பிக்கப் வண்டியை எடுத்துவிட்டார் சடையப்பன். நான் எழுபத்தொரு வயதுவரை மலை ஏறியதில்லை. பேச்சுத் துணைக்கு என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

போகும்போது பாதை காய்ந்திருந்தது. இரவெல்லாம் மழை பெய்தது. காலையில் நூற்றெழுபது பழம் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். மரங்களின் சொந்தக்காரர் கோவிந்தசாமி கையில் ஒரு கழியோடு வண்டிக்கு முன்னால் நடந்தார். முகட்டின் மேலேயே போகிற காட்டுப் பாதை அது. ஒரு வளைவில் பள்ளம் வலப்பக்கம் இருந்தது, அடுத்த வளைவில் இடப்பக்கம் வந்தது. மூடுபனியில் மரங்களின் தலை மட்டும் எங்களுக்குக் கீழே தெரிந்தது. எங்கள் ஊரில் கண்ணைக் கட்டிச் சுற்றிவிட்டாலும் கொள்ளிடம் தெற்கே என்று சொல்லிவிடுவோம். இங்கே தெற்கு எது என்று மூன்று பேரும் மூன்று பக்கம் கை காட்டினோம்.

ஓர் இடத்தில் வலப்பக்கம் பாறைச் சுவர். அதை ஒட்டிய சக்கரத் தடத்தில் செம்மண் தண்ணீர் ஓடையாக ஓடிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் பச்சைப் புல், அதற்கப்பால் பள்ளம். கோவிந்தசாமி அந்தத் தண்ணீருக்குள்ளேயே நின்றுகொண்டு கூப்பிட்டார்.

"தண்ணிக்குள்ள வா டிரைவரே! இங்கதான் கெட்டி!"

"தண்ணியில எறங்கச் சொல்றான் மச்சான். இவனுக்கு நாம இன்னா கெடுதல் பண்ணோம்?"

"அவன் மலை மாமா இது. அவன் சொல்றத கேளேன்."

சடையப்பன் தலையை ஆட்டினார். கேட்கிறேன் என்றுதான் ஆட்டினார். ஆனால் ஸ்டியரிங் இடப்பக்கம் திரும்பியது. புல் அப்படியே உட்கார்ந்தது. பின்சக்கரம் இறங்கி, வண்டி சாய்ந்து, ஒரு மரத்தில் மோதி நின்றது. பழங்கள் ஒவ்வொன்றாகக் குதித்துக் காட்டுக்குள் உருண்டன. முட்டி மோதும் சத்தம் கீழே கீழே போய், ஓய்ந்தது. அப்போது மணி என்ன என்று நான் பார்க்கவில்லை.

யாருக்கும் அடியில்லை. கோவிந்தசாமி திட்டவும் இல்லை. கழியால் தண்ணீருக்குள் குத்திக் காட்டினார், டக்கென்று கேட்டது. "ஓடி ஓடி மண்ணெல்லாம் போயிடுச்சு. அடியில வெறும் பாறை." பிறகு புல்லில் குத்தினார். கழி பாதிக்குமேல் உள்ளே போனது.

நான்கு ஆட்களும் கயிறும் வந்து வண்டியைத் தூக்கி நிறுத்திய பிறகு சடையப்பன் என்னிடம் கேட்டார்: "நான் ஒழுங்காத்தானே சார் ஓட்டுனேன்?"

ஆமாம் என்றேன். அது சரியான பதிலா என்று இன்றுவரை தெரியவில்லை.

இதோடு முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். அடுத்த வாரம் வழியில் பால வேலை நடந்ததால் மினிபஸ் கரைமேல் சுற்றிப் போக வேண்டியிருந்தது. கொள்ளிடத்தில் தண்ணீர் விட்டிருந்தார்கள். ஒரு திருப்பத்தில் சடையப்பன் பஸ்ஸை நட்டநடுவில் நிறுத்திவிட்டார்.

சிதம்பரத்துக்குக் கீரை கொண்டுபோகிற ராசம்மாள் பின்னாலிருந்து கத்தினார். "இன்னா சடையா, கரைமேலயே குடித்தனம் பண்ணப் போறியா? கீர வாடுதுய்யா!"

சடையப்பன் வண்டியை எடுக்கவில்லை. பதினான்கு பேரும் இறங்கி நடந்தார்கள். ஒவ்வொருவருக்கும் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாவியை முதலாளியிடம் போட்டுவிட்டார். ஆகஸ்ட் 30-ஆம் தேதியோடு அவருடைய உரிமமும் முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் வேலை போகும். அவருக்கு வேறு தொழில் தெரியாது. செப்டம்பர் இருபதுவரை பார்ப்பேன், அதற்குள் உரிமம் கைக்கு வராவிட்டால் வேறு ஆள் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

நான் எடுத்துச் சொன்னேன். அது மலை, இது ஆறு. அங்கே அந்த விதி, இங்கே இந்த விதி.

"அது தெரியாதா சார் எனக்கு? ஒக்காந்து பேசுனா நல்லா தெரியுது. ஸ்டியரிங்க புடிச்சா கை ரெண்டு பக்கமும் போவுது."

புதுப்பிக்காமலேயே ஆகஸ்டும் முடிந்துவிட்டது. செப்டம்பர் முதல் தேதி ஒரு மூங்கில் கழியோடு வந்து என்னைக் கரைக்கு அழைத்தார். இரண்டு விளிம்பையும் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஆற்றுப் பக்கம் கல் பதித்த ஓரிடம் கெட்டியாக இருந்தது. அதற்கு நேர் எதிரே, அவர் எப்போதும் நம்பும் வயல் பக்கத்தில், கழி சரசரவென்று இறங்கிவிட்டது. நண்டு வளையாக இருக்கலாம், நடவுத் தண்ணீர் ஊறியதாகவும் இருக்கலாம்.

கழியை உருவி மறுபடி குத்தினார். மறுபடியும் இறங்கியது.

"இதுமேலதான சார் ஒவ்வொரு வெள்ளத்துலயும் போனேன்? ஆளுங்கள ஏத்திக்கினு?"

"ஆமாம்."

"அப்ப எப்படிப் போனேன்?"

அவர் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்ப எனக்கு எப்பவுமே தெரியாது" என்றார். அதைச் சொன்னபோது முகத்தில் இருந்தது பயமா, ஆறுதலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எழுந்து, பின்பக்க மண்ணைத் தட்டிக்கொண்டு, "டாக்டர் சர்ட்டிபிகேட்டுக்கு எவ்ளோ சார் கேப்பாங்க?" என்றார்.

மறுநாள் உரிமத்தைப் புதுப்பிக்க விண்ணப்பம் போட்டோம். அந்தக் கழியை பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கட்டி வைக்கப் போவதாகச் சொன்னார். திருப்பத்துக்குத் திருப்பம் இறங்கிக் குத்திக்கொண்டிருந்தால் ராசம்மாள் சும்மா விடுவாரா என்று கேட்டேன். "கத்தட்டும் சார், கீர வாடுனா தண்ணி தெளிச்சுக்கும்" என்றார். இதில் எது சரி என்று நான் தீர்மானிக்கவில்லை.

உரிமம் தபாலில்தான் வரும் என்றார்கள். என் முகவரியைக் கொடுத்திருந்தோம். தபால்காரர் மின்வாரியக் கடிதம் ஒன்றும் கல்யாணப் பத்திரிகை ஒன்றும் கொண்டுவந்தார். ஒவ்வொரு முறையும் சடையப்பன் வாசல்வரை வந்து பார்த்துவிட்டுப் போனார். கடைசியாக உரிமம் வந்து சேர்ந்தது 17-9-2025, புதன்கிழமை.