இடுப்பில் தொங்கிய வேன்

டிரைவருக்கு வர வேண்டிய புது வேன், அவருடைய அக்கா புருஷனின் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த ஒரு மனக்குறையைத்தான் அவர் பல வருஷம் சுமந்தார். பிரெட் தட்டுகளோடு சேர்த்து அதையும் தினமும் ஏற்றி இறக்கினார் என்று சொன்னாலும் பொய்யில்லை.

அக்கா புருஷனுக்கு பேக்கரி. அந்த பேக்கரியின் பழைய வேனில் விடிந்ததும் கடை கடையாக பன்னும் பிரெட்டும் போடுவது டிரைவர் வேலை. வேனின் பின்கதவு கயிற்றின் தயவில் நின்றது. மழை வந்தால் வெளியே நிற்கிறவன் நனைவதைவிட உள்ளே உட்கார்ந்திருப்பவன் அதிகம் நனைவான். ஹாரனை அமுக்கினால் வைப்பர் ஆடும். புது வேன் எடுத்துவிடலாம் என்று பேக்கரிக்காரரே வாய் நிறையச் சொன்னார். அதற்கென்று பணமும் ஒதுக்கினார். என்ன நிறம் வேண்டும் என்றுகூடக் கேட்டார். வெள்ளை என்றார் டிரைவர். கடைசியில் வந்து சேர்ந்தது கறுப்பு. சக்கரமும் இல்லை. வேன் பணம் மொத்தத்தையும் விழுங்கிய வெளிநாட்டு பிஸ்டல். ஒன்று வெடித்தால் அடுத்த தோட்டாவைத் தானே எடுத்துக்கொள்கிற ரகம்.

டிரைவர் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுல எத்தனை தட்டு ஏத்தலாம் மாமா?"

"உனக்கு வயித்தெரிச்சல் மாப்ளே. இதோட அருமை உனக்கெங்கே தெரியப்போகுது."

அன்றிலிருந்து பேக்கரியில் அதற்குப் பெயர் 'வேன்' என்றே ஆகிவிட்டது. முதலாளி வேனோடு வருகிறார், வேனைத் துடைக்கிறார் என்று அடுப்பில் நிற்கிறவர்கள் பேசிக்கொண்டார்கள். கடைசியில் அக்காவே, "வெளியில கிளம்பறீங்களே, வேனை எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தாள்.

பேக்கரிக்காரர் மோசமான மனுஷர் இல்லை. சின்ன வயதில் யாரோ ஒருவருடைய அடுப்படியில் மாவு பிசையச் சேர்ந்து, பிசைந்து பிசைந்தே சொந்தமாக அடுப்பு போட்டவர். குடி கிடையாது, சீட்டு கிடையாது. செருப்பு தேய்ந்து குதிகால் தரையைத் தொட்ட பிறகுதான் அடுத்த ஜோடியைப் பற்றி யோசிப்பார். அப்படிப்பட்டவருக்குக் கிறுக்குப் பிடித்ததென்றால் அதற்குக் காரணம் எதிர் வரிசை மருந்துக்கடைக்காரர். அவரிடம் ஒரு ரிவால்வர் இருந்தது. உள்ளூர்ச் சரக்கு, ஆனால் லைசன்ஸோடு. தலைவலி மாத்திரை கொடுக்கும்போதுகூட சட்டையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டுவார். வாங்க வந்தவனுக்குப் பாதித் தலைவலி அங்கேயே போய்விடும், மீதி கூடிவிடும். இருவரும் ஒரே வருஷத்தில் கடை திறந்தவர்கள். ஒருத்தர் விளக்குப் போர்டு வைத்தால் மற்றவர் அதைவிடப் பெரிதாக வைப்பார். மருந்துக்கடைக்காரரிடம் உள்ளூர் ரிவால்வர் இருந்தால் பேக்கரிக்காரரிடம் என்ன இருக்க வேண்டும்? அவ்வளவுதான் கணக்கு.

வாங்கின பிறகுதான் தெரிந்தது, அது இடுப்பில் நிற்க ஒரு இடுப்பு வேண்டும் என்று. பேக்கரிக்காரருக்கு வயிறு இருந்ததே தவிர இடுப்பு என்று தனியாக எதுவும் இல்லை. கல்லாவிலிருந்து எழுந்தால் பேன்ட் ஒரு பக்கம் இறங்கும். கண்ணாடிப் பெட்டியிலிருந்து கேக் எடுக்கக் குனிந்தால் பிஸ்டலின் கைப்பிடி விலாவில் குத்தும். "அம்மா" என்பார். கேக் வாங்க வந்தவள் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்ப்பாள். அதோடு வந்த விளக்கப் புத்தகம் எந்த ஊர் எழுத்தென்றே தெரியவில்லை. படத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டேன் என்று சொல்லிக்கொண்டார். எண்ணெய்ச் சொட்டு ஒன்று படத்தில் இருந்தது. அதுதான் வினையாகப் போனது.

ஏனென்றால் அவர் பிரெட் தகரத்துக்கு எண்ணெய் தடவி வளர்ந்த ஆள். தகரத்தில் எண்ணெய் குறைந்தால் ரொட்டி ஒட்டிக்கொள்ளும், தாராளமாகத் தடவு என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதே கை, அதே எண்ணெய், அதே தாராளம். தினமும் கடை சாத்துமுன் பிஸ்டலுக்குத் தலை முழுக்க எண்ணெய் வைத்துவிடுவார். பிறகு அதை ஒரு துணியில் சுற்றி, பூட்டுப் பெட்டியில் வைக்காமல், மாவு டிரம்மில் புதைப்பார்.

"பெட்டியைப் பார்த்தா திருடன் உடைப்பான். மாவுக்குள்ள எவனாவது கையை விடுவானா?"

"திருடன் விடமாட்டான், நான் விடுவேன்" என்றாள் அக்கா. "ஒருநாள் பன்னுக்குள்ள தோட்டா இருந்துச்சுன்னு எவனாவது திருப்பிக் கொண்டாந்து குடுப்பான், அப்ப தெரியும்."

இப்படியே வருஷங்கள் ஓடின. அது ஒரு தடவைகூட வெடிக்கவில்லை. தோட்டா விலை ஜாஸ்தி என்பார், உங்க அக்காவுக்குச் சத்தம் ஆகாது என்பார். பிறகு அரசாங்கத்தில் விதியை மாற்றினார்கள். லைசன்ஸ் புதுப்பிக்க வேண்டுமென்றால் துப்பாக்கியோடு மைதானத்துக்கு வந்து, அதிகாரி முன்னால் சுட்டுக் காட்ட வேண்டும். வேலை செய்யாத துப்பாக்கிக்கு லைசன்ஸ் கிடையாது.

பேக்கரிக்காரரை மைதானத்துக்கு அழைத்துப் போனது பழைய வேன்தான். வழி நெடுக டிரைவர் மனசுக்குள் வேண்டிக்கொண்டே ஓட்டினார். இது வெடிக்காமல் போனால் விற்றுத்தான் ஆக வேண்டும். விற்றால் வேன்.

மைதானத்தில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு நீள பெஞ்சு. துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் எல்லாம் மடியில் பையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் வியாதி பேசுவது போலத்தான் பேச்சும் இருந்தது.

"எனக்கு மலிவுத் தோட்டா ஒத்துக்கறதில்லை. போட்டா விக்கிக்குது" என்றார் ஒரு நில புரோக்கர்.

"உங்களுக்குப் பரவாயில்லை. என்னோடதுக்கு ஸ்பிரிங் போச்சு. வெளிநாட்டுலேருந்து வரவழைக்கிறதுக்குள்ள என் மகளுக்குக் கல்யாணமாகி பேரனே வந்துட்டான்" என்றார் ஒரு மரக்கடைக்காரர். "வியர்வை பட்டா துருப்பிடிக்குதுய்யா. நமக்கு வியர்க்காம இருக்குமா? வெளிநாட்டுக்காரனுக்கு வியர்க்காதோ என்னவோ."

பெஞ்சின் கடைசியில் மருந்துக்கடைக்காரர் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முறை வந்தது. உள்ளூர் ரிவால்வர் கேட்டதற்கெல்லாம் டுமீல் என்று பதில் சொன்னது. குறி எங்கேயோ போனது. ஆனாலும் வெடித்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

அடுத்தது பேக்கரிக்காரர். முதல் குண்டு வெடித்தது. அவரே பயந்து ஒரு அடி பின்னால் வந்தார். இரண்டாவதற்கு அமுக்கினார், ஒன்றும் இல்லை. பிஸ்டல் பாதி வாயைத் திறந்துகொண்டு, பல் டாக்டரிடம் போனவன் மாதிரி அப்படியே நின்றது.

அதிகாரி வந்து தோட்டாக்களை எடுத்துவிட்டு, மேல் பாகத்தைப் பின்னால் இழுத்தார். விரலில் என்னவோ ஒட்டியது. மோந்து பார்த்தார்.

"என்ன தொழில் பண்றீங்க?"

"பேக்கரி."

"தெரியுது." விரலை பேக்கரிக்காரர் முகத்துக்கு நேரே நீட்டினார். எண்ணெயும் மாவும் வருஷக்கணக்கில் சேர்ந்து நல்ல பதத்துக்கு வந்திருந்தது. "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பொங்கியே வந்திருக்கும். நான் டீ குடிச்சிட்டு வர்றேன். அதுக்குள்ள சுத்தம் பண்ணிக் காட்டுங்க. இல்லைன்னா விக்கிறதுக்கு வழி பாருங்க, புதுப்பிக்க முடியாது."

டிரைவரின் கண் முன்னால் வெள்ளை வேன் ஒன்று வந்து நின்றது. கதவு தள்ளித் திறக்கிற கதவு. கயிறே இல்லை.

பேக்கரிக்காரர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அதிகாலையில் மூட்டை மாவைத் தனியாளாகத் தூக்குகிற மனுஷர், அந்தச் சின்ன இரும்பை மடியில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் நகர்ந்து பக்கத்தில் வந்தார்.

"விடுங்கண்ணே. மாவு பிசையற கைக்கு எதுக்கு இதெல்லாம். நானே எடுத்துக்கறேன். பழைய இரும்பு விலைக்குத்தான் வரும், என்ன பண்றது."

பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள். பேக்கரிக்காரர் தலையைத் தூக்கவில்லை.

டிரைவருக்குச் சுர்ரென்று ஏறியது. மாமாவைத் திட்ட அவருக்கு உரிமை உண்டு. தினமும் திட்டினார், மனசார. ஆனால் நம் வீட்டுக் கழுதையை நாம் உதைக்கலாம், எதிர்வீட்டுக்காரன் வந்து வாலைப் பிடித்து இழுத்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

"மாவு பிசையற கையாலதான் தினமும் நீங்க தின்னுறீங்க, மறந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டு வேனை நோக்கி நடந்தார். திரும்பி வரும்போது கையில் காலித் தட்டு ஒன்றும், பன்னுக்கு வெண்ணெய் தடவுகிற பிரஷ்ஷும் இருந்தன.

அப்புறம் அந்தப் பெஞ்சே ஒரு பட்டறை ஆகிவிட்டது. தட்டில் பாகங்களைப் பரப்பி டிரைவர் பிரஷ்ஷால் தேய்த்தார். தேய்த்ததைவிட உதிர்த்தது அதிகம். ஸ்பிரிங் ஒன்று கையிலிருந்து துள்ளிப் பெஞ்சுக்கடியில் ஓடியது. மரக்கடைக்காரர் மண்டியிட்டுத் தேடினார். புரோக்கர், "இதை நான் என்னோடதுல நூறு வாட்டி கழட்டியிருக்கேன், தள்ளுங்க" என்று பிடுங்கித் திரும்பப் பூட்டினார். ஒருத்தர் பாக்கியில்லாமல் யோசனை சொன்னார்கள். தன் துப்பாக்கிக்குச் சொல்ல ஆள் கிடைக்காத யோசனை எல்லாம் அங்கே வந்து கொட்டியது. கிழிந்த வேட்டி ஒன்றால் துடைத்து முடித்தபோது தட்டில் ஒரு பன்னுக்குக் காணும் மாவு சேர்ந்திருந்தது.

அதிகாரி டீ குடித்துவிட்டு வந்தார். பேக்கரிக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு அமுக்கினார். வெடித்தது. மறுபடி வெடித்தது. தோட்டா தீரும்வரை நிற்காமல் வெடித்தது. அவருக்கு வைத்த குறி அட்டையில் ஒரு ஓட்டைகூட இல்லை. மருந்துக்கடைக்காரரின் அட்டை இன்னும் பக்கத்திலேயே நின்றது. அதன் நட்டநடுவில் புதிதாக ஒன்று விழுந்திருந்தது.

"குறி பார்க்கறது என் வேலை இல்லை" என்று அதிகாரி முத்திரை குத்தினார். "கண்ணைத் திறந்துக்கிட்டு சுட்டா நல்லது. பூட்டுப் பெட்டியில வச்சா இன்னும் நல்லது."

திரும்பும்போது வேன் பாதி வழியில் நின்றுவிட்டது. பேக்கரிக்காரர் இறங்கித் தள்ளினார். ஒரு கை வேனில், ஒரு கை பேன்ட்டில்.

"ஒரு புது வேன் வாங்கணும் மாப்ளே."

"எதை வித்து?"

பேக்கரிக்காரர் பேன்ட்டை இன்னொரு தடவை தூக்கிவிட்டுக்கொண்டு தள்ளினார். வேன் கிளம்பியது.

அதற்குப் பிறகு பேக்கரிக்காரர் கொஞ்ச வருஷம்தான் இருந்தார். பிஸ்டல் பூட்டுப் பெட்டிக்குப் போனது. அவர் நெஞ்சு வலியில் ஆஸ்பத்திரிக்குப் போனார். டிரைவர் போய்ப் பார்த்தபோது மாமா கட்டிலில் பாதியாகியிருந்தார். இப்போது இடுப்பு இருந்தது, வயிறுதான் இல்லை. வராந்தாவில் மருந்துக்கடைக்காரர் ஆரஞ்சுப் பழப் பையோடு காத்திருந்தார். டிரைவரைத் தனியாக இழுத்து, பிஸ்டலுக்குப் பழைய இரும்பு விலை இல்லை, நல்ல விலையே தருவதாகக் காதோடு சொல்லியிருந்தார். ஏறக்குறைய ஒரு வேன் விலை. அந்த வட்டாரத்தில் அந்த விலை கொடுக்க வேறு ஆளும் இல்லை. டிரைவர் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.

பேக்கரிக்காரர் அக்காவைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினார். பிறகு விரலை அசைத்து மைத்துனரைக் குனியச் சொன்னார்.

"மாப்ளே, அதை வித்துடு. வேன் எடுத்துக்கோ. வெள்ளைன்னுதானே சொன்னே?"

"ஆமா மாமா."

"வெளியில நிக்கிறான் பாரு, ஆரஞ்சுப் பழத்தோட. அவனுக்கு மட்டும் குடுத்துடாதே."