நிமர் வீட்டு மாடிக் கம்பிகள்

நிமர் வீட்டு மொட்டை மாடியில் எட்டு இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றன. மகன் கஸ்ஸானுக்குக் கல்யாணம் என்றால் அவற்றின் மேல்தான் அவனுக்கு வீடு எழவேண்டும். பாலஸ்தீனத்தின் மேற்குக் கரையில் எங்கள் ஊரில் மாடி எழாமல் மணமகள் வரமாட்டாள்.

1993இல் இஸ்ரேலியரும் நம்மவர்களும் சமாதான ஒப்பந்தம் போட்ட மாதம், நிமர் ஷுக்ரியிடம் அவர் மகளைப் பெண் கேட்கப் போனார். கொடுத்த காபியைத் தொடாமல் வைத்தார். கேட்டது கிடைத்த பிறகுதான் குடிப்பது வழக்கம்.

"குடிங்க அபூ கஸ்ஸான், ஆறிடும்," என்றார் ஷுக்ரி, கஸ்ஸானின் அப்பா என்று மரியாதையாக அழைத்து. "ஹனாதி இனி உங்க வீட்டுப் பொண்ணு. மாடிய மட்டும் கட்டிடுங்க."

நிமர் குடித்தார். ஆனால் அவர் வீடு ஊர்க்கோடியில், கட்டுவதற்கு இஸ்ரேலியர் அனுமதி வேண்டிய பகுதியில் மாட்டிக்கொண்டது. விண்ணப்பம் மூன்று முறை திரும்பி வந்தது.

"ஊரே அனுமதி இல்லாமத்தான் கட்டுது. உங்களுக்கு மட்டும் என்ன?" என்றாள் மனைவி ரஸ்மியா.

"நான் என்ன திருடனா? அஞ்சே வருஷம். எல்லை, ஜெருசலேம் எல்லாம் பேசி முடிச்சிடுவாங்க. நம்ம அரசாங்கமே முத்திரை குத்தித் தரும்."

"அதுக்குள்ள எனக்குப் பேரன் பள்ளிக்கூடமே போயிருப்பான்."

கொசுவைக்கூடச் சட்டப்படிதான் அடிப்பார் என்று நிமரை ஊர் கேலி செய்யும். மனிதர் அசையவில்லை.

கஷ்டமானதையெல்லாம் கடைசிக்குத் தள்ளிவைத்த ஒப்பந்தம் அது. ஆறின கஞ்சி பழங்கஞ்சிதானே. பள்ளிவாசலில் தொழுதவர்களை யூதக் குடியேறி ஒருவன் சுட்டான். இஸ்ரேலியப் பேருந்துகளில் குண்டு வெடித்தது. கையெழுத்துப் போட்ட அவர்கள் பிரதமரை அவர்கள் ஆளே கொன்றான். ஒவ்வொரு முறையும் பேச்சு நின்றது, சாலையை ராணுவம் மூடியது. எதிர்க்குன்றில் இஸ்ரேலியக் குடியேறிகளின் சிவப்பு ஓட்டு வீடுகள் மட்டும் நிற்காமல் எழுந்தன. நிமர் நாற்பது வரை எண்ணி நிறுத்திவிட்டார்.

1994 மே மாதம் தொடங்கிய ஐந்தாண்டுக் கெடு 1999 மே மாதம் முடிந்தது. கெடு முடிந்த நாளன்று நிமர் முகம் மழித்துக்கொண்டு வானொலி முன் உட்கார்ந்தார். ஒன்றும் வரவில்லை. 2000 கோடையில் இருதரப்புத் தலைவர்களும் அமெரிக்காவில் இரண்டு வாரம் பேசி, வெறுங்கையோடு திரும்பினார்கள்.

அதற்கடுத்த வாரம் ஷுக்ரி வந்தார். ரஸ்மியா காபி வைத்தாள். அவர் தொடவில்லை. நிமருக்கு அப்போதே புரிந்தது. கோபம் வரும் என்று பார்த்தார், வரவில்லை.

"அவளுக்கு இருபத்தஞ்சு ஆச்சு. உங்க மேல வருத்தம் இல்ல, அபூ கஸ்ஸான். பொண்ண விட்டுக்குடுங்க."

கஸ்ஸான் வாசலில் நின்று அப்பாவையே பார்த்தான்.

நிமர் கோப்பையை ஷுக்ரியின் பக்கம் நகர்த்தினார்.

"குடிங்க. ஆறிடும்."

ஷுக்ரி குடித்தார். ரஸ்மியா கோப்பையை எடுத்துப்போய்க் கழுவினாள்.