அருவா வெட்டு என்று சொன்ன காயம்

முத்துலட்சுமிக்குப் பாம்பென்றால் பயமில்லை. திராட்சைக் கொத்தில் நெருக்கிக் கிடக்கும் பிஞ்சுகளைக் கத்தரியால் நறுக்கிவிட ராயப்பன்பட்டிப் பக்கம் அவளைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். பந்தலில் பச்சைப்பாம்பு தொங்கினால் குச்சியால் ஒதுக்கிவிட்டு வேலையைப் பார்ப்பாள். அப்படிப்பட்டவள் ஒரு சாண் ஆமையைப் பார்த்து வெலவெலத்துப் போனாள் என்றால், அது கிடந்த இடம் அப்படி.

புதுவீட்டுக் குளியலறையில் கிடந்தது. மறுநாள் பால்காய்ச்சு. வீட்டுக்குள் ஆமை வந்ததென்று தெரிந்தால் நாத்தனார் சண்முகத்தாய் வாசப்படியை மிதிக்க மாட்டாள். புருசன் கருத்தக்கண்ணன் பதினோரு வருசம் ஓடாய்த் தேய்ந்து கட்டிய வீடு. யார் கண்ணிலும் படுவதற்குள் வாய்க்காலில் விட்டுவிடலாமென்று சாக்கைப் போட்டு அமுக்கித் தூக்கினாள். சாக்கின் கிழிசல் வழியாக ஆமை கழுத்தை நீட்டி வலது ஆள்காட்டி விரலைக் கவ்விக்கொண்டது. வெளியே கொத்தனார் நின்றார், கத்த முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு கொல்லைப்பக்கமாக ஓடினாள். வாய்க்கால் தண்ணீருக்குள் கையோடு அமிழ்த்திய பிறகுதான் விட்டது.

கிளினிக்கில் நர்ஸ், "எதுல பட்டுச்சுக்கா?" என்று கேட்டாள்.

"புல்லறுக்கையில அருவா பட்டுருச்சுத்தா."

நாலு தையல், ஒரு ஊசி. கருத்தக்கண்ணனுக்கும் இரண்டு நாளாகக் கட்டைவிரலில் துணிக்கட்டு. கட்டுக்கம்பி கிழித்ததென்று சொல்லியிருந்தான். "ரெண்டு பேரும் சோடி சேந்துட்டோம்" என்று சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பால் பொங்கியது, எல்லோருக்கும் சந்தோசம். முந்தானைக்குள் மறைத்த விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கித் தெறித்தது. அடுத்த நாள் காய்ச்சல். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவப்பாக ஒரு கோடு ஏறியிருந்தது. ஆமை வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டது, முதலில் நான், அப்புறம் யாரோ என்று நினைத்தாள்.

பெரியாஸ்பத்திரிக்குக் கருத்தக்கண்ணனும் சண்முகத்தாயும் கூடவே வந்தார்கள். டாக்டர் ஜெபராணி விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது வெட்டுக்காயம் இல்லம்மா. ஓரமெல்லாம் நசுங்கியிருக்கு. எது கடிச்சுச்சு?"

"அருவாதாங்க."

"கடியை இப்படித் தைச்சு மூடியிருக்கவே கூடாது. உள்ள சீழ் கோத்திருக்கு. எது கடிச்சதுன்னு தெரிஞ்சாத்தான் அதுக்கேத்த மருந்து போடலாம். சொல்லலைன்னா விரல் போயிரும். கையும் போகலாம்."

"டாக்டரம்மா கேக்குறாகள்ல, சொல்லு" என்றான் கருத்தக்கண்ணன்.

கத்தரி பிடிக்கிற விரல். அது இல்லாமல் எந்தத் தோட்டத்தில் அவளைக் கூப்பிடுவார்கள்? சொன்னால் வீடு போச்சு, சொல்லாவிட்டால் கை போச்சு.

"ஆமை" என்றாள். "நம்ம புதுவீட்டுக் குளியலறையில."

சண்முகத்தாய் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். புருசன் முகத்தைப் பார்க்க முத்துலட்சுமிக்குத் தைரியம் வரவில்லை. டாக்டர் தையலைப் பிரித்தார். நாற்றம் குப்பென்று அடித்தது.

"வாய்க்கால்லயா விட்ட?" என்று மெதுவாகக் கேட்டான் கருத்தக்கண்ணன்.

"ஆமா."

"நானும் அங்கனதான் விட்டேன். திரும்பி வந்திருக்கு."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "அந்தக் கட்டை அவுத்துக் காட்டுங்க."

அவன் கட்டைவிரலைக் கழுவி மாத்திரையோடு விட்டுவிட்டார்கள். அவளுக்குப் பத்து நாள் ஊசி. விரல் தங்கியது, ஆனால் மடங்கவில்லை. இப்போது நடுவிரலைக் கோத்துக் கத்தரி பிடிக்கிறாள். முன்னைவிட வேகம் குறைவு, ஆனாலும் கூப்பிடுகிறார்கள். சண்முகத்தாய் மட்டும் இன்றுவரை அந்த வீட்டுக்கு வரவில்லை.

குளியலறை வாசலில் கருத்தக்கண்ணன் முழங்கால் உயரத்துக்குச் செங்கல் கட்டிவிட்டான். பயம் போகவில்லை. காலையில் முதலில் போகிறவர் நாலு மூலையையும் பார்த்துவிட்டு மற்றவருக்குக் கேட்கும்படி சொல்கிறார்: "ஒண்ணுமில்ல, வா."