யாரோ ஊர்க்காரர்

போன வாரம் அப்பா கைபேசியில் ஒரு கச்சேரியை அனுப்பியிருந்தார். 'புத்தம் புதிய வெளியீடு, முன்னைவிடத் துல்லியம், தோடியைத் தவறாமல் கேள்' என்று கூடவே ஒரு குறிப்பு. சீவலப்பேரியில் எந்தக் காலத்திலோ நவராத்திரிக்கு நடந்த அதே பழைய கச்சேரிதான். அதை மறுபடியும் தேய்த்துக் கழுவி வெளியே விட்டிருக்கிறார்கள். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கைபேசியைச் சுவரில் எறிந்திருப்பேன். எனக்கு வயது ஏற ஏறக் கோபம் தணியும் என்று சொன்னவர்கள் என் அப்பாவோடு குடியிருந்ததில்லை.

நான் மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படித்த காலம் அது. கல்யாண வீடுகளிலும் கோயில்களிலும் முன்பு பாடியவர்களின் கச்சேரிகளையெல்லாம் பழைய நாடாக்களிலிருந்து எடுத்து, சென்னையில் குறுந்தகடாகப் போட ஆரம்பித்திருந்தார்கள். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு பீரோ முழுவதும் அந்தத் தகடுகள்தான். அம்மாவின் பட்டுச்சேலைகள் டிரங்குப் பெட்டிக்குள் போய் அந்துருண்டை வாசம் பிடித்தன. எந்தக் கச்சேரியில் யார் மிருதங்கம், எந்த இடத்தில் தந்தி அறுந்தது என்றெல்லாம் அப்பாவுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அம்மா ஊருக்குப் போகிற டவுன் பஸ் எங்கே நிற்கும் என்பது மட்டும் கடைசிவரை தெரியாது.

அப்பாவைப் போன்ற இந்தச் சேகரிப்பாளர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. விலைக்கு விற்க மாட்டார்கள். ஒன்று கொடுத்தால் ஒன்று வாங்குவார்கள். அதிலும் யாரிடமும் இல்லாத ஒன்றை வைத்திருப்பவருக்குத்தான் மதிப்பு. அப்பாவிடம் அப்படி ஒன்றே ஒன்று இருந்தது. அந்தச் சீவலப்பேரிக் கச்சேரியின் ஒலிநாடா. அண்ணாச்சி, ஒரு பிரதி மட்டும் தாருங்கள் என்று கேட்டு வராத ஆளில்லை. யாருக்கும் அவர் கொடுக்கவில்லை. தனக்கென்று ஒரு பிரதிகூட எடுத்து வைக்கவில்லை. பிரதி எடுக்க எடுக்க நாடா தேய்ந்துபோகுமாம்.

அந்த நாடா அவருடையதே இல்லை. அம்மாவுக்குக் கல்யாணச் சீராக வந்தது. குத்துவிளக்கு, அண்டா, குண்டானோடு ஒரு மஞ்சள் துணியில் சுற்றி அதையும் தாத்தா வைத்து அனுப்பியிருந்தார். அம்மாவைப் பெற்ற தாத்தா. நெல் விவசாயி. பாட்டு கற்றவர் இல்லை, பாட்டுப் பைத்தியம் பிடித்தவர். ஊர்க்காரர்கள் வேண்டாம் என்று தடுத்தும் பெரிய பாகவதர் ஒருவரை ஆற்றங்கரை ஊருக்கு அழைத்து வந்து பாட வைத்து, ஒலிபெருக்கிக்காரரைக் கொண்டு அதைப் பதிவும் செய்தவர். அதன் மூலச் சுருள் ஆற்று வெள்ளம் ஊருக்குள் புகுந்த வருஷம் சேறாகிவிட்டது; மிஞ்சியது சீராக வந்த இந்தப் பிரதி மட்டும்தான். நான் பிறப்பதற்கு முன்பே தாத்தாவும் போய்விட்டார்.

அந்தக் கச்சேரியில் தோடி ஆலாபனை மேலே ஏறி, ஏறிய இடத்தில் அசையாமல் நின்று, பிறகு தடதடவென்று இறங்கும். இறங்கி முடிக்கிற இடத்தில் முன்வரிசையிலிருந்து ஒரு முரட்டுக் குரல் கேட்கும். "ஆகா! அப்படிப் போடும்வே!" பாகவதரும் லேசாகச் சிரித்துவிட்டு மறுபடி ஏறுவார். அந்தக் குரல் தாத்தாவுடையது. அவருடைய குரல் என்று இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த ஒரு கூப்பாடுதான். எனக்கு இதை அப்போது யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டில் மாமனார் பெருமையை யார் பேச விட்டார்கள்? தோடி என்றாலே அந்தக் கூப்பாடும் சேர்ந்ததுதான் என்று நான் பாட்டுக்கு நம்பிக்கொண்டிருந்தேன். பாட்டு வகுப்பில் டீச்சர் தோடி பாடிக் காட்டியபோது நானும் சரியான இடத்தில் கத்தி, தொடையில் கிள்ளு வாங்கினேன்.

அந்த நாடாவைத்தான் சென்னைக் கம்பெனிக்காரர்கள் கேட்டார்கள். பதிலுக்கு அவர்கள் வெளியிட்ட தகடுகள் எல்லாவற்றிலும் ஒவ்வொன்று தருவதாகவும், அட்டையில் அப்பாவின் பெயருக்கு நன்றி போடுவதாகவும் சொன்னார்கள். அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "உங்க அப்பா குரல உலகமே கேக்கப் போகுது பாரு" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். இது அம்மா வெகுகாலம் கழித்து எனக்குச் சொன்னது. அந்த ஒரு வார்த்தைக்காக அம்மாவே நாடாவைத் துடைத்து, பழைய மஞ்சள் துணியில் சுற்றி, கையில் கொடுத்தாள்.

கொஞ்ச நாளில் சென்னையிலிருந்து தொலைபேசி வந்தது. அம்மா மொட்டைமாடியில் வற்றல் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா நின்றுகொண்டே பேசினார். "ஆமா சார், தெரியும் சார், அந்தத் தோடில வரும்லா... சேச்சே, அது யாரோ ஊர்க்காரர் சார். எடுத்துருங்க. சுத்தமா இருந்தாத்தான் நல்லா இருக்கும்."

யாரோ ஊர்க்காரர்! பெண்ணைக் கொடுத்தவர், சீர் கொடுத்தவர், அந்தக் கச்சேரியே இருக்கக் காரணமானவர், யாரோ ஊர்க்காரர். தன் மாமனார் வெறும் துண்டோடு உட்கார்ந்து கத்துகிறவர் என்று சென்னைக்காரனிடம் சொல்ல அவருக்கு வெட்கம். அந்த வெட்கத்தை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றைக்கோ நான் அடுத்த கணக்கைப் போடப் போய்விட்டேன்.

தகடு வந்தது. அட்டையில் அப்பா பெயர். ஞாயிற்றுக்கிழமை சேகரிப்பாளர் கூட்டத்தையே வீட்டுக்கு அழைத்துவிட்டார். கூடத்தில் பாய் விரித்து, ஒலிபெருக்கிப் பெட்டிகளை இரண்டு மூலையில் வைத்து, மின்விசிறி இரைச்சல் ஆகாது என்று அதையும் நிறுத்திவிட்டார். எல்லாரும் வேர்த்து வடிய உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அதுவரை அதைக் கேட்கவில்லை. புதுச்சேலை கட்டி, தலையில் பிச்சிப்பூ வைத்து, காப்பித் தட்டோடு அடுக்களை வாசலில் வந்து நின்றாள். தோடி ஆரம்பித்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

பாட்டு ஏறியது. நின்றது. இறங்கியது. அந்த இடம் வந்தபோது ஒன்றுமே இல்லை. வழித்தெடுத்த சட்டி மாதிரி ஒரு வெறுமை. பாகவதர் மட்டும் எதற்கென்று தெரியாமல் சிரித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்து நானே கத்தினேன். "ஆகா! அப்படிப் போடும்வே!"

கூடமே கொல்லென்று சிரித்தது. "ஏட்டி, யாருட்டி ஒனக்கு இதச் சொல்லித் தந்தா?" என்று ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். அப்பா சிரிக்கவில்லை. எழுந்து வந்து முதுகில் ஒன்று வைத்தார். அதோடு சபை கலைந்துவிட்டது. ஒவ்வொருவராகக் காப்பியைக் குடித்துவிட்டு, அருமை அண்ணாச்சி, துல்லியம் அண்ணாச்சி என்று கிளம்பினார்கள்.

கடைசி ஆள் படியிறங்கியதும் அம்மா கேட்டாள். "எங்க அப்பாவ எங்கன விட்டுட்டு வந்திய?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தாத்தா எங்கே போவார்? அவர் படம் மாலையோடு சுவரில்தானே இருக்கிறது? நிமிர்ந்து பார்த்துக்கொண்டேன். இருந்தது.

"அது எரைச்சல்லா, எடுத்துட்டாங்க" என்றார் அப்பா. "பாட்டு எவ்வளவு தெளிவா இருக்குன்னு பாத்தியா?"

"அந்த நாடா எங்க?"

"பூஞ்சை புடிச்சிருந்துச்சாம். பதிவு பண்ணிட்டுத் தூரப் போட்டுட்டாங்களாம். அதான் எல்லாத் தகடும் தந்திருக்காங்கள்லா, பெட்டி பெட்டியா!" அப்பா அந்தப் பெட்டிகளைக் கையால் காட்டினார். மனிதருக்குத் தான் ஏதும் தவறாகச் செய்ததாகத் தோன்றவே இல்லை. இன்றுவரை தோன்றவில்லை. தோன்றியிருந்தால் போன வாரம் எனக்கு அனுப்பியிருப்பாரா?

 அம்மா நேராக என்னிடம் வந்தாள். மூலையில் முதுகைத் தடவிக்கொண்டு நின்றிருந்தேன். இரண்டு தோளையும் இறுகப் பிடித்தாள். முகம் சிவந்து, உதடு துடித்து, அப்படி ஓர் அம்மாவை நான் பார்த்ததே கிடையாது.

"இன்னொரு மட்டம் சொல்லுட்டி" என்றாள்.

அடுத்த அடி விழப்போகிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான், எங்கே, இன்னொரு தடவை சொல்லு பார்ப்போம் என்று கேட்டுவிட்டுத்தான் பிரம்பை எடுப்பார்கள். நான் தலையை ஆட்டினேன்.

"சொல்லுட்டி. அதே மாதிரி. ஒரே ஒரு மட்டம்."

"இல்லம்மா, இனிமே சொல்லவே மாட்டேம்மா" என்று ஓவென்று அழுதேன். "சாமி சத்தியமா சொல்ல மாட்டேன்."

தோளிலிருந்து அம்மாவின் கைகள் கழன்றன.  பிறகு கீழே இருந்த காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அடிக்காமல் விட்டுவிட்டாளே என்று எனக்கு உயிர் வந்தது. அப்பாவைவிட அம்மா எவ்வளவோ நல்லவள், என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே மூக்கைத் துடைத்தேன்.